போக வேண்டிய சாயம்

எங்கள் வீட்டில் புதுத் துணி முதல் தடவை நனையும்போது அதற்கென்று தனி வாளி. மதுரை கீழவாசல் பக்கம் வளவு வீடு. நாலு குடித்தனத்துக்கு ஒரே முற்றம், ஒரே துவைகல். அம்மா தகர வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, கை நிறையக் கல்லுப்பை அள்ளிப் போட்டு, அடியில் நறநறவென்று உரசும் சத்தம் அடங்கும்வரை கலக்குவாள். பிறகுதான் துணியை உள்ளே அமுக்குவாள். "ராத்திரி பூரா கெடக்கட்டும். உப்பு சாயத்தப் பிடிச்சு வச்சுக்கிரும்" என்பாள்.

காலையில் எழுந்ததும் வாளியை எட்டிப் பார்ப்பது என் வழக்கம். தண்ணீர் சிவந்தோ நீலம் பாரித்தோ நிற்கும். உப்புப் போட்டும் இவ்வளவு போயிருக்கிறதே என்று கேட்டால், "போடலேன்னா மிச்சமும் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்ப்பாள். மறுபடி நல்ல தண்ணீர் பிடித்து இரண்டு, மூன்று தடவை அலசி, பிழியாமல் கொடியில் போடுவாள். அந்த ஒரு துணிக்காக அரைக் கொடி காலியாக இருக்கும். பக்கத்தில் வேறு எதுவும் தொங்கக் கூடாது.

அந்த வாளிக்குப் போகாமலே ஒரு துணி நனைந்தது 1971 சித்திரைத் திருவிழாவில். எனக்கு ஆறு வயது. சிவப்புச் சீட்டிப் பாவாடை. அன்று விடியற்காலையில்தான் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்து உடுத்திவிட்டிருந்தாள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வைகைக்குள் நின்றார். பள்ளிக்கூட வாத்தியார், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை தவிர அவரை வேறு உடையில் பார்த்தவர்கள் இல்லை. தோல் பையில் தண்ணீர் நிரப்பிச் சாமியை நோக்கிப் பீய்ச்சுகிறவர்கள் எங்களைச் சுற்றி நிறையப் பேர். தங்கக் குதிரை தெரிந்த நேரத்தில் நான் தொப்பலாக நனைந்திருந்தேன்.

வீட்டுக்கு நடந்து வருவதற்குள் சித்திரை வெயிலில் எல்லாம் காய்ந்துவிட்டது. அப்பா சட்டையைக் கழற்றியபோதுதான் அம்மா பார்த்தாள். இரண்டு தோளிலும் முதுகிலும், என் தொடைகள் அழுந்தியிருந்த இடமெல்லாம் சிவப்பு. நான் அழத் தொடங்கினேன். அப்பா சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அழகர் பாத்த அடையாளம். இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, என் கையையும் பிடித்துக்கொண்டு, அடுத்த தெருவுக்குப் போனாள்.

அங்கே ஒரு சௌராஷ்டிரக் குடும்பம் இருந்தது. மாமா சுங்குடிச் சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் சாயக்கார மாமா. நகக்கண்ணில் அரக்கு நிறம் எப்போதும் தங்கியிருக்கும். சோற்றைப் பிசையும்போதுகூட அது தெரியும். வீட்டுப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து முடிச்சுப் போடுவார்கள். வெள்ளைத் துணியில் குறித்த புள்ளியை விரல் நுனியில் சிட்டிகையாகத் தூக்கி, நூலை இறுக்கச் சுற்றி அறுத்துவிட்டு அடுத்த புள்ளி. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் இப்படி முடிச்சு. சாயம் தோய்த்து உலர்ந்தபின் இரண்டு பேர் எதிரெதிரே நின்று துணியை வெடுக்கென்று இழுத்தால் நூல் தெறித்து, முடிச்சிருந்த இடமெல்லாம் வெள்ளைப் பொட்டு விழும். அந்தப் பொட்டு சற்றுச் சுருங்கி, மேலே எழும்பி நிற்கும். தொட்டாலே தெரியும். 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் திண்ணையில் சிதறிக் கிடக்கும் நூல் துணுக்குகள்தான்.

மாமா சட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தார். ஈர விரலால் ஓரிடத்தில் தேய்த்துப் பார்த்தார். "காஞ்சிருச்சேம்மா. ஈரமா கொண்டு வந்திருந்தா எடுத்துக் குடுத்திருப்பேன். காஞ்சா சாயம் அங்கேயே குடியேறிரும்" என்றார். அம்மா உப்பு வாளியைப் பற்றிச் சொன்னாள். அதில் போட்டு எடுத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றாள். மாமா சிரித்தபடி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"பாப்பா, பஸ்ஸுல போயிருக்கியா? சீட்டு கெடச்சவங்க உக்காந்திருப்பாங்க. கெடைக்காதவங்க படியில தொத்திக்கிட்டு வருவாங்க. பஸ்ஸு குலுங்குனா யாரு விழுவா? சாயமும் அப்படித்தான். உள்ள உக்காந்தது போகாது. தொத்திக்கிட்டு இருக்கறது போயித்தான் தீரும். அதப் புடிச்சு வைக்கக் கூடாது. நாமளே மொதல்ல எறக்கி விட்டுரணும்."

அதை அன்று கேட்டுக்கொண்டேன். அது எவ்வளவு சரி என்று தெரிந்துகொள்ள எனக்குப் பதினெட்டு வருஷம் ஆயிற்று.

கல்யாணமாகித் திருப்பூர் வந்தேன். 1989-இல் ஒரு பனியன் கம்பெனியின் லேப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். சாயம் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. பட்டறையிலிருந்து வரும் ஒவ்வொரு சாயத் துணியிலும் 10 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுவோம். அதன் மேல் அதே அளவில் ஒரு வெள்ளை நாடாவை வைத்துத் தைப்போம். அந்த நாடாவில் அசிடேட், பருத்தி, நைலான், பாலியஸ்டர், அக்ரிலிக், கம்பளி என்று ஆறு வகை இழைகள் பட்டை பட்டையாக இருக்கும். சோப்புக் கரைசலும் சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளும் உள்ள குடுவையில் இரண்டையும் போட்டு, 40 டிகிரிச் சூட்டில் அரை மணி நேரம் சுழலவிட்டு எடுப்போம். நாடாவின் எந்தப் பட்டையில் எவ்வளவு கறை ஏறியிருக்கிறது என்பதைக் கிரே ஸ்கேல் அட்டையை வைத்து மதிப்பிடுவோம். 5 என்றால் கறையே இல்லை. 1 என்றால் அந்தத் துணியைக் கப்பலேற்ற முடியாது. பெரும்பாலான பையர்கள் 4 கேட்பார்கள். அடர்ந்த சிவப்பு, கறுப்பு, கருநீலத்துக்கு மட்டும் 3-4 வரை விட்டுக் கொடுப்பார்கள்.

சாயக்கார மாமாவின் பஸ் எனக்கு முழுதாக விளங்கியது அந்த லேப்பில்தான். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களில் முதலாவதான புரோசியான் 1956-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த டைரக்ட் சாயங்கள் பஞ்சிழையில் ஒட்டிக்கொண்டு மட்டும் நிற்பவை. ரியாக்டிவ் சாயம் இழையோடு வேதியியலாகவே பிணைந்துவிடும். பிணைந்தது சோப்புக்கும் வெந்நீருக்கும் அசையாது. ஆனால் தொட்டியில் போடுகிற சாயம் அத்தனையும் இழையைச் சென்று சேர்வதில்லை. ஒரு பகுதி இழைக்குப் பதிலாகத் தண்ணீரோடு வினைபுரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அதற்கு இழையைப் பற்றிக்கொள்ளக் கை கிடையாது. துணிக்குள்ளேயே தங்கியிருக்கும், பார்வைக்கு மற்றச் சாயம் போலவே இருக்கும். மாமா சொன்ன படியில் தொங்குகிற கூட்டம் அதுதான். நல்ல பட்டறையில் சாயமேற்றி முடித்ததும் சோப்பிங் என்று ஒரு வேலை நடக்கும். கொதிக்கக் கொதிக்கச் சோப்புத் தண்ணீரில் துணியை ஓட்டி, அலசி, மறுபடி ஓட்டி, தொங்கிக்கொண்டிருப்பதை எல்லாம் இறக்கிவிடுவார்கள். தண்ணீரும் விறகும் நேரமும் மிச்சம் பிடிக்க எங்கே அந்த வேலையைச் சுருக்குகிறார்களோ, அங்கே வந்த துணிதான் நம் வீட்டு வாளியில் நிறம் கக்குகிறது.

அம்மாவின் உப்பையும் அங்கேதான் புரிந்துகொண்டேன். சாயத்தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. தண்ணீரில் பருத்தியும் சாயமும் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தை இழைக்கு அருகே கொண்டுபோகிறது. அதற்குப் பிறகு சோடா உப்பைச் சேர்த்தால்தான் பிணைப்பு நடக்கும். ஆக, உப்பு வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விடுமே தவிர, தாழ்ப்பாள் போடாது. வீட்டு வாளியிலும் இதே கதைதான். குளிர்ந்த உப்புத் தண்ணீரில் ஊறும்வரை சாயம் சற்று அடங்கியிருக்கும். நல்ல தண்ணீர் பட்டதும் மறுபடி இறங்கும். வினிகரும் இப்படித்தான். பட்டுக்கும் கம்பளிக்கும் போடுகிற அமிலச் சாயத்துக்கு அது ஓரளவு துணை நிற்கும்; பருத்திக்கு அதனால் பயனில்லை. படிகாரம் இயற்கைச் சாயத்துக்கு உரியது; அதுவும் சாயமேற்றுவதற்கு முன்னால் துணியைப் பக்குவப்படுத்த. சாயமேறி, தைத்து, கடைக்கு வந்துவிட்ட துணியில் படிகாரம் எதையும் கட்டிவைக்காது.

ஊருக்குப் போனபோது அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்ப இத்தன வருசம் நான் போட்ட உப்பெல்லாம் வீணாடி?" என்றாள். வீணில்லை என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அம்மாவின் முறையில் வேலை செய்தது உப்பு இல்லை, மற்ற எல்லாமும்தான். தனி வாளி. துணி தாராளமாக மிதக்கும் அளவுக்குத் தண்ணீர். கலங்கியதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் இரண்டு, மூன்று அலசல். ஈரத் துணியைக் குவித்து வைக்காமல் உடனே விரித்துப் போடுவது. பக்கத்தில் வேறு துணி இல்லாத கொடி. போகிற சாயத்தை அவள் பிடித்து வைக்கவில்லை. பத்திரமாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை போனபோது இதைச் சொன்னேன். "அப்படிச் சொல்லு" என்றாள். உப்புப் போடுவதை மட்டும் கடைசிவரை நிறுத்தவில்லை.

வெளியே அனுப்புகிற சாயம் எங்கே போகிறது என்பதையும் திருப்பூர் எனக்குக் காட்டியது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் நொய்யல், எங்கள் ஊரைக் கடக்கும்போது அன்றன்றைக்கு ஓடுகிற சாயத்தின் நிறத்தில் ஓடியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் மறுபடி திறக்கலாம் என்ற நிலை. அந்த மாதங்களில் எங்கள் லேப் வெறிச்சோடிக் கிடந்தது. உடன் வேலை பார்த்தவர்கள் பலர் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். நல்ல சாயம் என்பது துணியில் நிற்பது மட்டுமில்லை, ஆற்றுக்குப் போகாததும்தான் என்று அன்றைக்கு மனதில் பதிந்தது.

அதே லேப்பில்தான் ப்ளீடிங் மெட்ராஸ் கதையையும் கேட்டேன். சென்னைப் பக்கத்துக் கைத்தறிக் கட்டம்போட்ட துணி. 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் அந்தத் துணியை வாங்கி, அதில் 10,000 கெஜத்தைப் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றார். குளிர்ந்த தண்ணீரில் பக்குவமாக அலச வேண்டும் என்ற பேச்சு துணியோடு போய்ச் சேரவில்லை. வாங்கியவர்கள் மற்றத் துணிகளோடு மெஷினில் போட்டார்கள். சாயம் இறங்கி எல்லாவற்றிலும் ஏறியது. வழக்கு வரும் என்ற நிலையில், சாயம் கசிந்து ஒன்றோடொன்று கலப்பதுதான் இந்தத் துணியின் அழகு என்று விளம்பரம் செய்து அதையே விரும்ப வைத்தார்கள். விளம்பரத்தின் சாமர்த்தியத்தை எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதில் தைத்தது வேறு. துணி கடல் கடந்து போனது. அதை எப்படி நனைப்பது என்ற ஒரு வரி கூடப் போகவில்லை.

அப்பா 1996-இல் காலமானார். அந்த வருஷம்தான் அறுபதாம் கல்யாணம் முடிந்திருந்தது. அன்றைக்கு அம்மா கட்டியது அரக்கு நிறச் சுங்குடி. பட்டு வேண்டாம், மதுரைச் சேலைதான் வேண்டும் என்று தானே போய் எடுத்தாள். நாலு மாதத்தில் அப்பா போனபின் அம்மா சிவப்பு உடுத்தவில்லை. அந்தச் சேலை மஞ்சள் தொட்ட ஓரத்தோடு, ஒரு தரம்கூட நனையாமல், பீரோவின் அடித்தட்டிலேயே இருந்தது. எப்போதாவது எடுத்து மடிப்பை மாற்றி வைப்பாள். ஒரே மடிப்பில் கிடந்தால் நூல் அற்றுப்போகும்.

2014-இல் அம்மாவும் போனாள். பீரோவைக் காலி செய்தபோது சேலைகள் என் பங்குக்கு வந்தன. பச்சை, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, அந்த அரக்கு. மடித்து இன்னொரு பீரோவில் வைக்க எனக்கு மனமில்லை. என் மகள் உண்டாகியிருந்தாள். பிறக்கப் போகும் பிள்ளைக்கு ஒரு போர்வை தைப்போம் என்று முடிவு செய்தேன்.

48 சதுரங்கள். ஒரு சாண் அளவு. 24 சேலைத் துண்டுகள், அவற்றுக்கு இடையில் 24 வெள்ளை மல் துண்டுகள். நடுவில் அம்மாவின் நைந்த வாயில் சேலை இரண்டு மடிப்பு. அடிப்பக்கம் அப்பாவின் வேட்டி. அந்த வேட்டியின் மூலையில் எங்கள் வீட்டுத் துணிக்கு வெளுப்பவர் போட்ட குறி இருந்தது: இரண்டு புள்ளி, ஒரு கோடு. சேங்கொட்டைப் பாலில் சுண்ணாம்பு சேர்த்து வைத்த குறி. வெள்ளாவியில் அவிந்தாலும், கல்லில் அடிபட்டாலும், உவர் மண்ணில் ஊறினாலும் போகாது. எத்தனை வீட்டு வெள்ளை வேட்டி ஒன்றாகக் கலந்தாலும் அந்தக் குறியைப் பார்த்து எங்கள் துணி எங்கள் வீட்டுக்கே வந்து சேரும்.

தைப்பதற்கு முன் ஒவ்வொரு சேலையையும் நான் சோதித்தேன். இருபத்தைந்து வருஷப் பழக்கம். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் கை பொறுக்கும் வெந்நீரும் இரண்டு சொட்டுச் சோப்பும் விட்டு, அதில் அரை மணி நேரம் போட்டு, டம்ளரை வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பார்ப்பேன். பிறகு அதே துண்டை ஈரத்தோடு வெள்ளைத் துணியில் வைத்து இரவு முழுவதும் அழுத்தி வைப்பேன். பழைய நாப்தால் சிவப்பு சில தண்ணீரில் போகாது, தேய்த்தால் வரும். அதனால் உலர்ந்த துணியாலும் ஈரத் துணியாலும் பத்துப் பத்துத் தடவை தேய்த்தும் பார்ப்பேன். பச்சையிலிருந்து கத்தரிப்பூவரை எல்லாம் தேறின. அம்மா நூறு தடவை துவைத்த சேலைகள். போக வேண்டியது எப்போதோ போயிருந்தது.

அரக்கை மட்டும் நான் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டும் என்று தெரியும். ஒரு தரமும் நனையாத அடர்ந்த சிவப்பு என்றால் லேப்பில் அதைத்தான் முதலில் குடுவையில் போடுவேன். ஆனால் மடிப்பை விரித்ததும் உள்ளேயிருந்து சந்தனமும் அந்துருண்டையும் அம்மாவின் கழுத்து வியர்வையும் சேர்ந்த வாசம் எழுந்தது. தண்ணீரில் போட்டால் அது போய்விடும். பதினெட்டு வருஷம் அவள் நனைக்காமல் வைத்திருந்ததை நான் நனைப்பதா? முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அப்படியே ஆறு சதுரம் வெட்டினேன். இரண்டு மாதம் கையாலேயே ஓட்டுத் தையல் போட்டு முடித்தேன்.

பேத்தி 2015-இல் பிறந்தாள். மூன்றாம் மாதம் வரை போர்வை தொட்டிலுக்குப் பக்கத்தில் மடித்தே இருந்தது. ஒரு மழை நாளில் மகள் அதை விரித்துப் பிள்ளையைப் படுக்க வைத்தாள். விடியற்காலையில் என்னை எழுப்பினாள். "அம்மா, நீ பாத்துட்டு அழக் கூடாது" என்றாள். பிள்ளை இரவில் ஒன்றுக்குப் போயிருந்தது. அரக்குச் சதுரங்களைச் சுற்றியிருந்த வெள்ளையில், வெற்றிலைச் சாறு சிந்தியதுபோல், தையலைத் தாண்டிச் சிவப்பு ஊறியிருந்தது. ஓரிடத்தில் கீழே வேட்டி வரைக்கும் இறங்கியிருந்தது.

அழத்தான் வந்தது. ஆனால் போர்வையைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஈரமாக இருந்தது. காயவில்லை. சாயக்கார மாமாவின் குரல் காதில் கேட்டது.

வீட்டில் இருந்ததிலேயே பெரிய பிளாஸ்டிக் டப்பைக் குளியலறையில் வைத்து, ஹீட்டரிலும் அடுப்பிலுமாகத் தண்ணீர் சுடவைத்து நிரப்பினேன். கை விட்டால் சட்டென்று எடுக்கத் தோன்றும் சூடு. அதில் பாத்திரம் துலக்கும் திரவம் அரைக் கரண்டி. இந்த இடத்தில் தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்: சாயம் போகிற துணிக்கு வெந்நீரா என்பார்கள். சாயத்தை உள்ளேயே அடக்கி வைக்க வேண்டுமானால் குளிர்ந்த தண்ணீர் சரி. சட்டையை அவசரத்துக்கு அலசி எடுக்க அது போதும். ஆனால் ஏற்கெனவே இறங்கி அடுத்த துணியில் ஏறிவிட்டதை வெளியே எடுக்க, சூடு வேண்டும். தண்ணீரும் ஏராளமாக வேண்டும். கொஞ்சத் தண்ணீரில் சாயம் செறிந்து மறுபடி துணிக்கே திரும்பும். நிறையத் தண்ணீரில் அது நீர்த்துப்போய் வெளியிலேயே நிற்கும். திரும்பி ஒட்டாமல் சோப்பு அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். மற்ற சேலைகளை எல்லாம் முன்பே வெந்நீரில் சோதித்திருந்ததால் அவை என்ன ஆகுமோ என்ற பயம் இல்லை.

போர்வையை விரித்து அமுக்கி, மேலே மிதக்காமல் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அம்மிக் குழவியை வைத்தேன். ஒரு மூலை தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்த விளிம்பில் சாயம் கோடாகப் படிந்துவிடும். பிளீச்சிங் பவுடரைத் தொடவே இல்லை. அது கறையை மட்டும் எடுக்காது. நிற்க வேண்டிய சாயத்தையும் அழித்து, இழையையும் தின்றுவிடும். பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஒரு டம்ளரில் மொண்டு தாளுக்கு முன்னால் வைத்தேன். ரோஸ்மில்க் நிறம். தண்ணீரைக் கொட்டிவிட்டு, துணியைக் காயவிடாமல், அப்படியே அடுத்த வெந்நீர். மறுநாள் காலை டம்ளரில் இளஞ்சிவப்பு சாயல். மூன்றாவது தண்ணீரும் பன்னிரண்டு மணி நேரம். அன்று இரவு மகளும் நானும் டம்ளரைக் குழல் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். தாளின் வெள்ளையும் தண்ணீரின் வெள்ளையும் ஒன்றாக இருந்தன.

சோப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி, முறுக்காமல் துவாலையில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, மொட்டை மாடியில் நிழலில் இரண்டு கொடிக்குக் குறுக்கே விரித்துப் போட்டேன். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தின் மேல் படாமல். காய்ந்தபின் பார்த்தால் மல் துண்டுகள் பழைய வெள்ளைக்குத் திரும்பியிருந்தன. அரக்கு ஒரு படி இறங்கியிருந்தது, ஆனாலும் அரக்குதான். சுங்குடிப் பொட்டுகளின் வெள்ளை முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

முகத்தில் வைத்துப் பார்த்தேன். சோப்பு வாசம், வெயில் வாசம். அம்மாவின் வாசம் இல்லை. கொஞ்ச நேரம் மாடியிலேயே நின்றேன். அதைப் போகவிடக் கூடாது என்று நான் பிடித்து வைத்ததால்தான் ஒரு குழந்தையின் முதுகுக்குக் கீழே அத்தனை சிவப்பும் இறங்கியது. முதல் நாளிலேயே அந்தச் சேலையைத் தனி வாளியில் போட்டு அனுப்ப வேண்டியதை அனுப்பியிருக்க வேண்டும். அம்மா இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பாள். தனக்கு மட்டும்தான் அவள் அதைச் செய்துகொள்ளவில்லை.

போர்வையைத் திருப்பினேன். வேட்டியின் மூலையில் இரண்டு புள்ளியும் ஒரு கோடும் அப்படியே இருந்தன. மூன்று வெந்நீருக்கும் சோப்புக்கும் அது இம்மியும் அசையவில்லை.

அன்றைக்கு மாலை ஒரு விரல் அகல வெள்ளை நாடாவை எடுத்து, கறுப்பு நூலில் எழுத்துத் தைத்து, அந்தக் குறிக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்தேன். இந்தப் போர்வை நாளைக்கு யார் வீட்டுக்குப் போகுமோ, யார் கையால் நனையுமோ. துணியோடு அந்த வரியும் போகட்டும் என்றுதான். "மூன்று வெந்நீர் கண்டது. இனிச் சாயம் போகாது. எல்லாத் துணியோடும் நனைக்கலாம்."